பழைய பிக்கப்பில் ஸ்டீரிங் வீல் கழற்றுவது: நட்டு வந்துவிட்டது, வீல் அசையவில்லை

பாலக்கோட்டான்

வணக்கம். வண்டி பழைய பிக்கப். பவர் ஸ்டீரிங் கிடையாது, ஏர்பேக் கிடையாது. கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை, போட்டால் எந்தக் கம்பெனி வண்டி உசத்தி என்று பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிறேன், சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஓட்டம்.

வெயிலில் நின்று நின்று ஸ்டீரிங் வளையத்தின் மேல் பிளாஸ்டிக் வெடித்து உள்ளே இருக்கும் கம்பி தெரிகிறது, கையைக் கிழிக்கிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் திருப்பம் முடிந்தும் தானாக விழுவதில்லை. அப்புறம் நேர் ரோட்டில் போகும்போது வீல் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. மூன்றையும் ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்று ஹாரன் பட்டனை நெம்பி எடுத்து, நட்டையும் கழற்றிவிட்டேன். வீல் ஒரு இம்மி கூட அசையவில்லை. இழுத்தேன், ஆட்டினேன், பின்னாலிருந்து முட்டியால் தள்ளினேன். பக்கத்து வீட்டு அண்ணன் சுத்தியலோடு வந்து நிற்கிறார். அவரை நிறுத்தவா, விடவா?

காவேரிப்பட்டணம் பட்டறை

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், நட்டு இப்போது எங்கே இருக்கிறது?

பாலக்கோட்டான்

சட்டைப் பையில்.

காவேரிப்பட்டணம் பட்டறை

அதை எடுத்து மறுபடி தண்டில் போடுங்கள். முழுக்க இறுக்க வேண்டாம், ஹப்புக்கும் (வீலின் நடுக் குமிழ்) நட்டுக்கும் நடுவே ஒரு காசு கனத்துக்கு இடைவெளி விட்டு, நாலைந்து மரை பிடித்தால் போதும். இதைச் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

ஏன் என்றால், அந்த வீல் தண்டில் வெட்டிய பல்லில் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை, கூம்பு மாதிரி ஒடுங்கும் டேப்பரிலும் உட்கார்ந்திருக்கிறது. வருடக்கணக்கில் இறுகிய டேப்பர் கொஞ்சம் கொஞ்சமாக வராது, வராமல் வராமல் இருந்து ஒரே நொடியில் ‘டொப்’ என்று விட்டுவிடும். நீங்கள் உடம்பு பலம் முழுவதையும் போட்டு உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது அது விட்டால் வளையம் நேராக வாய்க்கும் பல்லுக்கும் வரும். மூக்கு உடைந்து, உதட்டில் தையல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நட்டு அந்த நாலு மரையில் இருந்தால் வீல் ஒரு காசு தூரம் நகர்ந்து நட்டில் முட்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இந்த வேலையில் முதல் பாதுகாப்பும் பெரிய பாதுகாப்பும் அதுதான், செலவு பைசா கிடையாது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றினீர்களா?

பாலக்கோட்டான்

நட்டு போட்டாச்சு அண்ணா. பேட்டரி கழற்றவில்லை. ஏர்பேக் இல்லாத வண்டிக்கு எதற்கு?

காவேரிப்பட்டணம் பட்டறை

ஹாரனுக்காக. நம்ம பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஹாரன் ரிலேக்கு அந்தப் பக்கம் கரண்ட் எப்போதும் காத்துக்கொண்டிருக்கும், பட்டனை அழுத்தினால் எர்த் கிடைத்து அடிக்கும். பட்டனை எடுத்த பின் தொங்குகிற ஒயர் ஹப்பில் உரசினாலே ஹாரன் கத்தும், கத்தும்போது கை உதறும், கையில் ஸ்பேனர் இருக்கும். இண்டிகேட்டர் ஸ்விட்ச்சும் மாற்றப்போகிறீர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சாவி. சாவியை உருவிவிட்டால் ஸ்டீரிங் லாக் விழும். அந்த லாக்கைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு டி-ராடில் (டி வடிவ ஸ்பேனர்) தொங்கி நட்டை இளக்குவது இங்கே நிறைய பேர் பழக்கம். லாக் பின் திருட்டைத் தடுக்க வைத்தது, அந்த பலத்துக்கு வைத்தது இல்லை. வளைந்தால் அப்புறம் சாவி திரும்பாது, அல்லது இன்னும் மோசம், என்றைக்காவது ஓடும்போது பாதி விழுந்து நிற்கும். சாவி லாக் விடும் நிலையில் இருக்கட்டும், முன் சக்கரம் நேராக, கை பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒருவர் வளையத்தை இரண்டு கையால் பிடிக்க இன்னொருவர் நட்டை இளக்க வேண்டும்.

அரூர் டி-ராடு

இவ்வளவு சடங்கு தேவையா? நட்டைப் பாதி மரையில் விடு, ஒருத்தன் வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்துத் தன் பக்கம் இழுக்கட்டும், இன்னொருத்தன் தண்டு முனையில் ரெண்டு பவுண்டு சுத்தியலால் ஒரே அடி. வந்துவிடும். லாரி ஷெட்டில் சின்ன வயதிலிருந்து இப்படித்தான் எடுக்கிறோம், எந்த வண்டியும் இதனால் நின்றதில்லை.

ஓசூர் ஷிப்ட்

அரூர் அண்ணா, வரும் என்பதில் சந்தேகமே இல்லை. அடி எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி.

தண்டு முனையில் அடிக்கும் அடி தண்டு வழியாகவே கீழே இறங்கும். உங்கள் லாரி ஷெட் காலத்து வண்டிகளில் பலவற்றில் தண்டு நீளமாக ஒரே துண்டாக ஸ்டீரிங் பாக்ஸ் (வீல் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல் பெட்டி) வரை போகும், அடியை வாங்குவது பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் பேரிங்கும் அது ஓடும் கப்பும். அதில் குழி விழுந்தால் அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துத் திருப்பும்போது கடகடவென்று கையில் தெரியும், அதற்குள் சுத்தியலை எல்லோரும் மறந்திருப்பார்கள். அதனால்தான் எந்த வண்டியும் நின்றதில்லை என்று தோன்றுகிறது.

கொஞ்சம் புது வண்டிகளில் இன்னும் விவகாரம். மோதலில் டிரைவர் நெஞ்சில் ஸ்டீரிங் குத்தக் கூடாது என்பதற்காகத் தண்டை இரண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி செய்து, நடுவில் சின்ன பிளாஸ்டிக் ஊசிகளால் பிடித்து வைத்திருப்பார்கள். மோதினால் ஊசி அறுந்து தண்டு உள்ளே ஒடுங்க வேண்டும். அமெரிக்காவில் கார்களுக்கு இது 1968 முதலே கட்டாயம். அந்த ஊசிக்கு விபத்து எது, சுத்தியல் எது என்று தெரியாது. அடித்தால் அறுந்துவிடும், ஸ்டீரிங் காலம் (column, தண்டும் அதைத் தாங்கும் குழாயும்) தளர்ந்துவிடும், பிறகு முழு அசெம்பிளிதான் மாற்ற வேண்டும். எந்த வண்டியில் எந்த வகை என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் எதிலும் அடிக்காமல் இருப்பது மேல்.

அப்புறம் மரை. முனையில் சுத்தியல் பட்டால் விளிம்பு பூப்போல விரிந்து நட்டு ஏறாது, டை போட்டு மரை சீர்செய்ய லேத் பட்டறைக்காரரை வண்டிக்கே கூப்பிட வேண்டிவரும்.

அரூர் டி-ராடு

பித்தளைக் கட்டை வைத்து அடித்தால் மரை ஏன் விரியப்போகிறது? படித்தவர்கள் எல்லாவற்றையும் பயமுறுத்தியே சொல்கிறீர்கள்.

காவேரிப்பட்டணம் பட்டறை

பித்தளை வைத்தால் மரை பிழைக்கும், பேரிங் பிழைக்காது. அரூர்க்காரர் சொல்வது பொய்யில்லை, நானும் அந்தக் கால மெட்டடார்களில் அப்படி எடுத்த ஆட்களோடு வேலை பார்த்தவன்தான். ஆனால் புல்லர் (இறுகியதை இழுத்து எடுக்கும் கருவி) கையில் இருக்கும்போது சுத்தியலைத் தொடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நிர்வாகி

படித்தவர் படிக்காதவர் பேச்சு வேண்டாம். வீலைப் பற்றிப் பேசுங்கள்.

பாலக்கோட்டான்

சுத்தியல் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டேன். புல்லர் என்றால் பேரிங் எடுக்கும் இரண்டு கால் புல்லரா? அது என்னிடம் இருக்கிறது. வளையத்தின் கைகளில் மாட்டி இழுக்கலாமா?

காவேரிப்பட்டணம் பட்டறை

கைகளில் மாட்டாதீர்கள், வளைந்துவிடும். பழைய வீலைத் தூக்கிப் போடப்போகிறேன், வளைந்தால் என்ன என்று தோன்றும். வளைந்த பிறகு புல்லர் கால் நழுவி முகத்துக்கு வரும், அதுதான் என்ன.

ஹப்பின் முகத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நட்டுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக மரை வெட்டிய இரண்டு துளை இருக்கிறதா? இருந்தால் அது புல்லருக்காகவே கம்பெனி போட்டுக் கொடுத்தது. அதற்கான புல்லர் வேறு, ஒரு தடித்த பட்டை, அதில் இரண்டு பக்கமும் போல்ட் போக நீள்துளை, நடுவில் பெரிய போல்ட். இரண்டு போல்ட்டையும் ஹப்பில் முறுக்கி, நடு போல்ட்டைத் தண்டு முனையில் உட்காரவைத்து, ஸ்பேனரால் மெதுவாக இறுக்க வேண்டும். பலம் ஹப்புக்கும் தண்டுக்கும் நடுவிலேயே முடிந்துவிடுவதால் பாக்ஸுக்கோ காலத்துக்கோ அடி போகாது, புல்லரின் சூட்சுமமே அதுதான்.

நடு போல்ட் முனை தண்டில் இருக்கும் சென்டர் குழியில் உட்காருகிறதா என்று பாருங்கள். அது நழுவி மரையைத் தின்னக்கூடும், நடுவில் ஒரு பழைய போல்ட் தலையையோ பித்தளைத் துண்டையோ வைத்தால் நல்லது.

ஓசூர் ஷிப்ட்

அதில் இரண்டு இடத்தில் ஆள் மாட்டுவார்கள்.

ஒன்று, போல்ட் நீளம். ஹப்பைத் தாண்டிப் பின்பக்கம் நீட்டிக்கொண்டு போனால் அங்கே இண்டிகேட்டர் ஸ்விட்ச் இருக்கிறது. நீங்கள் இறுக்க இறுக்க போல்ட் முனை போய் ஸ்விட்ச்சை நசுக்கும். மாற்றப்போகிற ஸ்விட்ச்தானே என்று விடாதீர்கள், அதன் அடித்தட்டும் உடையும், அது ஸ்டீரிங் காலத்தோடு சேர்ந்தது. ஹப் கனம் எவ்வளவோ அதற்குள் போல்ட் நிற்க வேண்டும், அதே சமயம் ஏழெட்டு மரையாவது பிடிக்க வேண்டும்.

இரண்டு, மரையின் அளவு. ஆன்லைனில் வாங்கும் புல்லர் செட்டில் அமெரிக்க வண்டிக்கான அங்குல போல்ட்டும் கலந்து வரும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், நம்ம எம்-8 போல்ட் 8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் மரைக்கு மரை உள்ள தூரம் அதில் 1.41, இதில் 1.25. முதல் இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் இறுகும், இன்னும் கொஞ்சம் என்று ஸ்பேனர் போட்டால் ஹப்பின் மரை காலி. கையால் முறுக்கிக் கடைசி வரை போகாத போல்ட் அந்தத் துளைக்கானது இல்லை.

பாலக்கோட்டான்

துடைத்துப் பார்த்தேன், துளை இரண்டும் இருக்கிறது, கிரீஸும் தூசியும் அடைத்து மூடியிருந்தது. எம்-8 போல்ட் கையாலேயே போகிறது. அந்தப் பட்டைதான் இல்லை. தருமபுரி டவுனில் இரண்டு ஸ்பேர் கடையில் கேட்டேன், பைக் புல்லர்தான் இருக்கிறது என்றார்கள்.

காவேரிப்பட்டணம் பட்டறை

லேத் பட்டறைக்குப் போங்கள். அரை அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் இரும்புப் பட்டை, துளைகளின் நடு தூரத்தை அளந்து இரண்டு ஓட்டை, நடுவில் ஒரு பெரிய நட்டை வைத்து வெல்டு, அதற்கு ஏற்ற போல்ட். டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிடுவார். போல்ட் மட்டும் 8.8 என்று தலையில் எழுதியதாக வாங்குங்கள், கேட்டுக்கு அடிக்கிற சாதா போல்ட் இழுக்கும்போது அறுந்து ஹப்புக்குள்ளேயே தங்கிவிடும்.

போவதற்கு முன் தண்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் துரு எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். டபிள்யூடி-40 இருந்தால் அது, இல்லாவிட்டால் டீசல். கேஸ் கட்டர் ஆட்கள் யாராவது சூடு காட்டலாம் என்பார்கள், வேண்டாம், பின்னால் பிளாஸ்டிக் புஷ்ஷும் ஒயரும் இருக்கின்றன.

இன்னொரு முக்கியமான வேலை. தண்டு முனையிலிருந்து ஹப் வரை நேர்க்கோடாக ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். பஞ்ச்சில் குத்தலாம், வெள்ளை பெயிண்ட் தடவலாம், நெயில் பாலிஷ் கூடப் போதும். சாக்பீஸ் வேண்டாம், எண்ணெய் பட்டால் போய்விடும்.

சந்தூர் நாற்று

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாங்கன்று நாற்றங்காலில் இருப்பது இதை விடப் புது பிக்கப், இரட்டை கேபின், வீல் நடுவில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறது. அதற்கும் வளையத் தோல் உரிந்துவிட்டது. இங்கே சொன்ன மாதிரியே டிரைவரிடம் சொல்லிக் கழற்றச் சொல்லலாமா?

ஓசூர் ஷிப்ட்

வேண்டாம் அக்கா. தோல் உரிந்ததற்கு வீலைக் கழற்றவே தேவையில்லை, சீட் கவர் போடும் கடையில் வண்டியிலேயே வைத்து ஊசி நூலால் தோல் தைத்துக் கொடுப்பார்கள். தைக்கும்போது நடுவில் இருக்கும் ஏர்பேக் மூடியை (பேட்) தொடக்கூடாது, அது வெடித்துத் திறக்கும் இடம்.

கட்டாயம் கழற்ற வேண்டிவந்தால் தெரிந்த பட்டறையில்தான். ஏர்பேக் விரிய ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கூட ஆகாது, உள்ளே இருப்பது வெடிமருந்து வகை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகும் கண்ட்ரோல் பெட்டிக்குள் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும், அதனால் உடனே கை வைக்கக்கூடாது. காத்திருக்கும் நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலர் 90 நொடி என்கிறார்கள், சிலர் 10 நிமிடம் வரை சொல்கிறார்கள், உங்கள் வண்டியின் புத்தகம் என்ன சொல்கிறதோ அது. அதன் ஒயர், சாக்கெட் எல்லாம் மஞ்சளாக இருக்கும். அதில் டெஸ்ட் லாம்ப், மல்டிமீட்டர் எதுவும் வைக்கக்கூடாது, மீட்டரின் சின்ன கரண்டே அதைக் கிளப்பிவிடலாம். கழற்றிய பேடைத் தூக்கும்போது முகப்பு உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், மேஜையில் வைக்கும்போது முகப்பு மேலே பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் ஏதாவது ஆகும்போது மொத்தமும் கூரைக்குப் பறக்கும்.

வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று சுருள் ரிப்பன் ஒன்றும் இருக்கும். வீலை எடுத்தபின் அது சுற்றிவிடாமல் டேப் ஒட்டி வைக்க வேண்டும். நடுநிலை தவறி மாட்டினால் முழுத் திருப்பத்தில் அறுந்துவிடும், ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரனும் போகும்.

சந்தூர் நாற்று

சரி தம்பி, தைக்கவே கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் பாலக்கோட்டுத் தம்பி வண்டி மாதிரி லோடு வண்டிகளில் ஏர்பேக் வரவே இல்லையா?

ஓசூர் ஷிப்ட்

1.7.2019 முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்று வந்தது ஆட்களை ஏற்றும் கார் வகைக்குத்தான், சரக்கு வண்டிக்கு இல்லை. அதனால் லோடு வண்டியில் வருடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வீல் நடுவில் எழுத்து, சாவி போட்டதும் மீட்டரில் எரிந்து அணையும் ஏர்பேக் விளக்கு, ஸ்டீரிங் காலத்துக்குக் கீழே மஞ்சள் ஒயர், இவற்றைத்தான் பார்க்க வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், முன்பு யாராவது வேறு மாடல் வீலை மாட்டியிருக்கலாம், அதனால் வீலில் உள்ள எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்.

பாலக்கோட்டான்

வந்துவிட்டது! பட்டை செய்து மாட்டி, நடு போல்ட்டை இறுக்கி, நகராமல் நின்றதும் மேலும் இறுக்காமல் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் விட்டேன், மறுபடி கால் சுற்று இறுக்கியதும் கேபினே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். வீல் நட்டில் வந்து முட்டி நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நட்டை ஏன் போடச் சொன்னீர்கள் என்று உறைத்தது.

ஹப்பின் பின்பக்கம் இண்டிகேட்டரைத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று பாதி உடைந்திருக்கிறது. ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கிறது போல. இப்போது வேறு வீல் வாங்க வேண்டும். ஓசூர் காயலான் கடையில் இதே வண்டி வீல் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா? அப்புறம் அந்தக் கோணலையும் இப்போதே ஒரு பல் தள்ளி மாட்டிச் சரி செய்துவிடலாமா?

காவேரிப்பட்டணம் பட்டறை

வீல் வாங்கும்போது உங்கள் பழைய வீலைக் கையோடு எடுத்துப் போங்கள். பல் எண்ணிக்கை, துளையின் சரிவு, பின்னால் இருக்கும் நாக்கு, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பல் ஒத்துப்போய் டேப்பர் மாறியிருந்தால் நட்டு இறுகும், வீல் இறுகாது. பழைய வீலில் கம்பி வெல்டு விட்டிருக்கிறதா, வளையத்தை மேஜையில் படுக்கவைத்தால் நாலு பக்கமும் படிகிறதா என்று பாருங்கள். மோதிய வண்டியிலிருந்து கழற்றிய வீல் லேசாக வளைந்திருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புதிதே கிடைக்கும்.

பல் தள்ளி மாட்டும் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீல் கோணலாக நிற்பது வீலின் குற்றம் இல்லை. கீழே ஏதோ மாறியிருக்கிறது. டை ராடோ டிராக் லிங்க்கோ (பாக்ஸிலிருந்து முன் சக்கரங்களுக்குத் திருப்பத்தைக் கொண்டுபோகும் கம்பிகள்) மாற்றும்போது நீளத்தைச் சரியாக வைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது அந்தக் கம்பி முனையில் இருக்கும் மூட்டான ராடு எண்ட் தேய்ந்திருக்கும், பள்ளத்தில் இறங்கி ஏதாவது வளைந்திருக்கும், பின் ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் கூட நேராகப் போக வீலைத் திருப்பியே பிடிக்க வேண்டிவரும். இதில் எதையும் பார்க்காமல் மேலே வீலை மட்டும் நேராக்கினால் பார்வைக்கு நேராக இருக்கும், நோய் கீழே அப்படியே இருக்கும்.

அது மட்டும் இல்லை. இந்த மாதிரி பழைய பாக்ஸ்களில் நடு இடத்தில்தான் பற்கள் மிக நெருக்கமாகக் கடிக்கும்படி செய்திருப்பார்கள், இரண்டு ஓரத்துக்கும் போகப் போகக் கொஞ்சம் தளர்வு இருக்கும். நேர் ரோட்டில் வீல் ஆடாமல் இருக்க அதுதான் காரணம். கோணலோடு ஓடும் வண்டியில் நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இல்லை, தளர்வான இடத்தில் ஓடுகிறது. ஸ்டீரிங் ஆடுகிறது என்று யாராவது மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை இறுக்குவார்கள், உடனே நடு இடம் பிடித்துக்கொள்ளும், திருப்பிய வீல் தானாகத் திரும்பி வராது. வலது பக்கம் முழுதாகத் திரும்பும் வண்டி இடது பக்கம் குறைவாகத் திரும்பும், மண்டியில் ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியும்.

இன்னொரு கணக்கு: 36 பல் இருக்கிற தண்டில் ஒரு பல் தள்ளினால் 10 டிகிரி நகரும். உங்கள் கோணல் 6 டிகிரி என்றால் ஒரு பல் தள்ளியும் நேராகாது, அந்தப் பக்கம் 4 டிகிரி கோணலாகும்.

முறை என்னவென்றால், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, டிராக் லிங்க்கை பாக்ஸ் கையிலிருந்து கழற்றிவிட்டு, வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி அதில் பாதியில் நிறுத்த வேண்டும். அது பாக்ஸின் நடு. அந்த இடத்தில் வீல் நேராக நிற்கிறதா? நின்றால் வீல் சரியான பல்லில்தான் இருக்கிறது, லிங்க் நீளத்தைச் சரிசெய்து, அப்புறம் அலைன்மெண்ட். அங்கேயே வீல் கோணலாக இருந்தால் மட்டும், முன்பு யாரோ பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள், அப்போது தாராளமாகப் பல் மாற்றலாம்.

பாலக்கோட்டான்

இதைப் படித்தபின் தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே படுத்துப் பார்த்தேன். பாக்ஸ் நடுவில் வைத்தால் வீல் நேராகத்தான் நின்றிருக்கிறது, போட்ட அடையாளத்தை வைத்துத் தெரிகிறது. இடது ராடு எண்டில் ரப்பர் கிழிந்து, கையால் பிடித்தாலே ஆடுகிறது.

தொப்பூர் இறக்கம்

நான் பெரிய வண்டி ஓட்டுகிறவன், சேலம் பக்கம் தினமும் அந்த இறக்கத்தில் இறங்குகிறேன். பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒன்று: ராடு எண்ட் மாற்றாமல் ஓட்டம் போகாதீர்கள். வீல் கம்பி கையைக் கிழிப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவீர்கள். ராடு எண்ட் கழன்றால் நீங்கள் எவ்வளவு நல்ல வீல் மாட்டியிருந்தாலும் சக்கரம் அது இஷ்டத்துக்குப் போகும்.

மாட்டும்போது நட்டுக்குப் பூட்டு வாஷர் இருந்ததா என்றும் பாருங்கள். எங்கள் ஷெட்டுக்கு வந்த ஒரு வண்டியில் வாஷர் இல்லாமலே ஓட்டியிருந்தார்கள், வளையம் மேலும் கீழும் ஆடியது, டிரைவர் அதை ஸ்டீரிங் பிளே என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓசூர் ஷிப்ட்

மாட்டும்போது: தண்டிலும் ஹப்பிலும் துருவை ஒயர் பிரஷ்ஷால் எடுத்துத் துணியால் துடைத்து உலர்ந்தே மாட்டுங்கள், டேப்பரில் கிரீஸ் தடவ வேண்டாம். அடுத்த முறை சுலபமாக வரட்டும் என்று தடவுவார்கள், ஆனால் டேப்பர் உராய்வில்தான் பிடித்திருக்கிறது. இண்டிகேட்டர் நெம்புகோல் நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புது நாக்கும் உடையும். அடையாளத்துக்கு நேராக வீலைக் கையால் உள்ளே தள்ளி, நட்டைக் கையால் முறுக்கி, அப்புறம் ஸ்பேனர். நைலான் வளையம் உள்ள நட்டாக இருந்தால் புதிது போடுங்கள், ஸ்பிரிங் வாஷர் தட்டையாகியிருந்தால் அதுவும் புதிது.

இறுக்கும் அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்குவதுதான் முறை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன், 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 15 கிலோ பலம் கொடுத்தால் 44 நியூட்டன் மீட்டர் வரும். டி-ராடுக்குப் பைப் மாட்டி ஏறி நின்றால் அதைப் போலப் பல மடங்கு போகும், மரை நீண்டுவிடும்.

அரூர் டி-ராடு

கடைசியில் டி-ராடையும் விடவில்லை. சரி, இறுக்கிய பின் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள்: முன்பக்கம் ஜாக்கியில் இருக்கும்போதே இரண்டு கோடிக்கும் திருப்பி எதுவும் உரசுகிறதா, ஹாரன் எல்லா நிலையிலும் அடிக்கிறதா, இரண்டு இண்டிகேட்டரும் விழுகிறதா. அப்புறம் வளையத்தைத் தன் பக்கம் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வரட்டும். சில நாள் ஓடிய பிறகு நட்டை இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

காவேரிப்பட்டணம் பட்டறை

அருமையாகச் சொன்னீர்கள். இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

பாலக்கோட்டான்

ராடு எண்ட் மாற்றி, வீல் மாட்டி, தருமபுரியில் அலைன்மெண்ட் பார்த்தாச்சு, வீல் நேராக நிற்கிறது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் விழுகிறது. ஒன்று மட்டும் பாக்கி, வலது பக்கம் முழுதாகத் திருப்பும்போது ஹாரன் தானாக ஒரு சின்ன சத்தம் கொடுக்கிறது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு வருகிறது, எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் போக வேண்டியிருக்கிறது. ஸ்டீரிங்கில் என்ன பார்ப்பார்கள்?

ஓசூர் ஷிப்ட்

மத்திய மோட்டார் வாகன விதி 98இன்படி ஸ்டீரிங்கில் வெற்று ஆட்டம் வீலில் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. 40 சென்டிமீட்டர் வளையத்தில் அது விளிம்பில் பத்து சென்டிமீட்டர் சொச்சம். அவ்வளவு ஆட்டம் சட்டத்துக்குச் சரி, ஓட்டுவதற்குச் சரியில்லை, ராடு எண்ட் மாற்றிய உங்கள் வண்டியில் அதில் கால்வாசி கூட இருக்காது. இன்ஜினை ஓடவிடத் தேவையில்லை, பவர் ஸ்டீரிங் இல்லையே, வண்டியை நிறுத்தி வைத்து ஒரு ஆள் முன் சக்கரத்தைப் பார்க்க நீங்கள் வளையத்தை மெதுவாக அசைத்து, சக்கரம் அசையத் தொடங்கும் வரை எவ்வளவு போகிறது என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் பட்டறை

ஹாரன் சத்தத்துக்கு: வீலின் பின்பக்கம் செம்பு வளையம் ஒன்று இருக்கிறது, அதன் மேல் ஸ்பிரிங் வைத்த சின்ன பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். காயலான் கடை வீலில் அந்த வளையத்தின் ஓரத்தில் இன்சுலேஷன் தேய்ந்து, ஒரு இடத்தில் ஹப்பைத் தொடுகிறது போல. மறுபடி வீலைக் கழற்ற வேண்டும், பட்டை இருக்கிறதே, கால் மணி நேர வேலை. வளையத்துக்கு அடியில் ஃபைபர் வாஷர் வெட்டி வையுங்கள், பிரஷ் ஓடும் இடத்தை எமரி பேப்பரால் லேசாகத் தேயுங்கள். பேட்டரியைக் கழற்ற மறக்காதீர்கள், நட்டையும்தான்.

பாலக்கோட்டான்

நாலு மரையில் விட்டுத்தான் எடுப்பேன் அண்ணா. பட்டையைப் பக்கத்து வீட்டு அண்ணன் இரவல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், அவர் வேனுக்காம், வந்ததும் செய்கிறேன்.

அரூர் டி-ராடு

அந்தப் பட்டையின் அளவைப் போடுங்கள் தம்பி, துளைக்குத் துளை எவ்வளவு? நானும் ஒன்று செய்து வைத்துக்கொள்கிறேன்.